மகாலட்சுமிக்கு வைத்த அரிசி

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் மெக்கானிக் கேதன் இணைத்ததும், கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருந்த காத்தாடி ஒரு விக்கல் விக்கிவிட்டு நின்றது.

அரிசிக் கடை முதலாளி ரசிக்பாய்க்கும் கூடவே விக்கியது.

லாப பஞ்சமி. தீபாவளிக்கு அடைத்த கடைகளைக் காலுப்பூர் தானியச் சந்தை மறுபடி திறக்கும் நாள். முதலில் வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கினால் அந்த வருஷ வியாபாரமும் கூடவே இறங்கிவிடும். முதல் பில், தீபாவளியன்று பூஜை போட்ட கம்ப்யூட்டரில்தான் விழ வேண்டும்.

அதுவோ காலையிலிருந்து கண் விழிப்பதும் கொஞ்ச நேரத்தில் அணைவதுமாக இருந்தது.

முதலில் வந்தவர் ஜசுமதிபென். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். சாம்பிள் தட்டில் ஊசி ஊசியாக இருந்த பாசுமதியைப் பார்த்து ஐம்பது மூட்டை பேசி முடித்துவிட்டு, மோகன்தால் இனிப்பில் மூன்றாவது துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மெஷின் எழுந்திருக்கறதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தொப்பை விழுந்துடும் ரசிக்பாய். எதிர்க்கடையில பார்த்துக்கட்டுமா?"

"உட்காருங்க பென். தீபாவளி பூஜைக்கு மகாலட்சுமிக்கே இந்த லாட்லேருந்துதான் அரிசி எடுத்தேன். அவளுக்கு வச்சதைத்தான் உங்களுக்கும் தர்றேன்!"

கேதன் பிளக்கை மாற்றிப் பார்த்திருந்தான். கேபிளையும் மாற்றிப் பார்த்திருந்தான். இப்போது பவர் சப்ளையின் மூடியைத் திறந்து, கவிழ்த்து, ஒரு தட்டு தட்டினான்.

பொலபொலவென்று அரிசி கொட்டியது. குங்குமம் ஒட்டிய அரிசி.

"வருஷா வருஷம் இதே கதைதான் சேட். பூஜாரி மேல தூவறதெல்லாம் ஓட்டை வழியா உள்ள போகுது. காத்தாடி சிக்கிக்குது, சூடாகுது, மெஷின் படுத்துக்குது."

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜசுமதிபென் குனிந்து ஒரு சிட்டிகை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார்.

பாதிக்கு மேல் நொய்.

"மகாலட்சுமிக்கு வச்சதைத்தானே எனக்கும் தர்றீங்க, ரசிக்பாய்?"

"காத்தாடி உடைச்சிருக்கும், பென்."

"சுத்தாத காத்தாடி எப்படி சேட் உடைக்கும்?" என்றான் கேதன். மெஷினைப் பழுது பார்க்க வந்தவன் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

ஜசுமதிபென் கையைத் தட்டிவிட்டுப் பையை எடுத்தார். ஒரு காலில் செருப்பும் ஏறிவிட்டது.

ரசிக்பாய் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"நல்ல நாளும் அதுவுமா உண்மையைச் சொல்லிடறேன். லாட்லேருந்து எடுத்தேன்னது பொய். இறைக்கறதுக்குத்தானேன்னு எனக்கு மனசு வரலை. கடையைக் கூட்டிப் பெருக்கின அரிசியைத்தான் பூஜாரி கையில கொடுத்தேன். ஏமாத்தினது அவளைத்தான் பென், உங்களை இல்லை. அவ தாய், மன்னிச்சுடுவா. நீங்க கஸ்டமர், மன்னிப்பீங்களா?"

ஜசுமதிபென்னுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மோகன்தால் புரையேறிற்று.

"சாமிகிட்டயேவா உங்க கஞ்சத்தனம்! கஞ்சன்னு சந்தையே சொன்ன உங்கப்பாவே தேவலை போலிருக்கே." செருப்பைக் கழற்றினார். "போடுங்க, ஐம்பது மூட்டை."

காத்தாடி விர்ரென்று சுற்றியது. முதல் பில் அச்சாகி வந்தது. ரசிக்பாய் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சுவரில் இருந்த மகாலட்சுமியைப் பார்த்துக் கைகூப்பினார்.

பார்வை அவள் பாதத்தோடு நின்றது. முகம்வரை ஏறவில்லை.

தீபாவளியன்று பூஜைக்கு அவர் அரிசி எடுத்தது, அந்த ஐம்பது மூட்டையில் ஒன்றைப் பிரித்துத்தான்.