சிங்கம் கேட்ட குறட்டை

இங்கிலாந்தில் ஒரு குக்கிராமம். அங்கே எதிரெதிரே இரண்டு பழைய மதுவிடுதிகள். ஒன்றின் வாசலில் சங்கிலியில் தொங்கும் பெயர்ப்பலகையில் சிவப்புச் சிங்கப் படம், மற்றதில் வெள்ளைக் குதிரை. பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் எந்தப் பக்கம் போவதென்று தயங்கி நின்றது. சிங்கம் சும்மா விடுமா?

“நானூறு வருஷத்துக்கு முன்னால ராஜா எங்க மாடியிலதான் படுத்தார்!”

“எங்ககிட்ட ரெண்டு ராஜா!” என்றது குதிரை.

“எங்ககிட்ட அஞ்சு! அத்தனை பேர் குறட்டையையும் இந்தக் காதாலயே கேட்டேன்!”

கூட்டம் சிங்கத்தின் பக்கம் திரும்பியது. சிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. சங்கிலி கிறீச்சிட ஆடு ஆடென்று ஆடியது.

வாசலில் நின்ற பீப்பாய் மெதுவாகச் சொன்னது: “அண்ணே, ஆடாதீங்க. நேத்து வரைஞ்ச காது, இன்னும் காயல. என் தலையில சொட்டுது.”