வெற்றிலை வாய்

"நாப்பத்தொரு நாளா இந்தக் காதுக்குள்ள யாரோ கடப்பாறையை விட்டுக் குடையுறாங்க தாயி."

மொக்கையன் இடது காதைப் பொத்திக்கொண்டார். டாக்டர் மீனலோசனி அவர் வாயையே பார்த்தார்.

"வெத்தலையைத் துப்பிட்டு வாங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. முகம் சுண்டிப்போய், துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காது டாக்டர், காதுல ஒண்ணுமில்லேன்னுட்டார். பல் டாக்டர் கடவாப்பல்லைப் பிடுங்குனார். வலி போகல. இப்ப எலும்பு டாக்டர்னு உங்களைப் பாக்கச் சொல்றாங்க. காது வலிக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? காது மட்டும் கேக்காமப் போச்சுன்னா, அம்புட்டுத்தான். நான் செத்த பொணம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இடது பக்கம் உக்காந்திருக்குற உங்க வீட்டம்மாவைப் பாருங்க."

பார்த்தார். முகம் சுருங்கியது.

"வந்ததுலேர்ந்து பாக்குறேன். அவங்க பக்கம் திரும்புறப்பெல்லாம் முகம் சுருங்குது" என்றபடி டாக்டர் அவர் பின்னால் போய் நின்றார்.

"அது கல்யாணமான நாள்லேர்ந்தே சுருங்கிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் மனைவி முத்துச்செல்வி.

மொக்கையனே சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"ரொம்பத்தான் கெத்து" என்று முணுமுணுத்தாள் அவள்.

டாக்டர் கழுத்தில் ஓர் இடத்தை அமுக்கினார்.

"ஐயோ! காதுக்குள்ள! அதே வலி!"

டாக்டர் சட்டென்று முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்கேன் எடுக்க அனுப்பினார்.

சாயங்காலம் படம் வந்தது.

"கழுத்தெலும்புல ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு நரம்பு நசுங்குது. அதோட கிளைதான் காதுக்குப் போகுது. இலை கிள்ளுறப்ப அண்ணாந்தே நிப்பீங்களா?"

"முப்பது வருசமா."

"கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மாத்திரையும் கழுத்துப் பயிற்சியும் தாரேன். சரியாயிரும்."

மொக்கையன் எழுந்து கும்பிட்டார்.

"இம்புட்டுப் பேரு பாத்தும் தெரியலையே! நீங்க மட்டும் எப்படித் தாயி கண்டுபிடிச்சீங்க?"

"அவங்கெல்லாம் நீங்க சொன்னதைக் கேட்டாங்க. நான் உங்களைப் பாத்தேன்."

"அப்ப எனக்குக் காது போயிராதுல்ல?"

"போகாது." டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "போனாலும் செத்த பொணம் ஆக மாட்டீங்க. வெத்தலையை எதுக்குத் துப்பச் சொன்னேன்? உதடு அசையுறதைப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு புரியும். ஒம்பது வயசுலயே எனக்கு ரெண்டு காதும் போயிருச்சு."