கேப்டனை வித்துடலாம்

"முதல்ல அந்தக் கேப்டனை வித்துத் தொலைக்கணும்" என்றான் பெரியவன், கட்டிலின் இந்தப் பக்கமிருந்து.

"அவனை மட்டும் ஏன்? டிஃபென்ஸ் மொத்தத்தையும் வித்துடு" என்றான் சின்னவன், அந்தப் பக்கமிருந்து.

நடுவில் அப்பா. பக்கவாதம் வந்து படுத்தவர். கை கால் மெல்ல அசைய ஆரம்பித்துவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

"பேச்சு முழுசாப் போயிடலை. ஆனா அவர் முயற்சி பண்ணணும், அதுவும் சீக்கிரம். விட்டா அப்படியே நின்னுடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் காலையில் வந்து பூனைப் படத்தையும் சாவிப் படத்தையும் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று கொஞ்சினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பல்காரனையே அதட்டியவர், பூனைக்காக வாய் திறப்பாரா? கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படிக் கிடக்கிறவரின் தலைமாட்டில்தான் பிள்ளைகள் இருவரும் கால்பந்துக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வந்திருந்த அத்தைக்குத் தாங்கவில்லை. "பெத்த அப்பன் பேச்சில்லாமக் கிடக்கான். இவனுங்களுக்குப் பந்து கேக்குது" என்று கணவரிடம் முணுமுணுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "எங்கண்ணன் என்னமாப் பேசுவாரு! வாயைத் திறந்தா மூட மாட்டாரு. நல்ல மனுஷனா இருந்தாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டிலில் இருப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நம்ம கோல்கீப்பர் எவ்வளவு உயரம்! அந்த உயரத்தைக் கோல் கம்பத்துக்குக் கீழ நிறுத்தி வீணாக்கறாங்க. அவனை முன்னாடி ஆட விட்டா தலையாலேயே தட்டித் தட்டிப் போடுவான்" என்றான் சின்னவன்.

"சபாஷ்!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. போன ஆட்டத்தில் அணி தோற்றதும் சுவரை எட்டி உதைத்து, கால் எலும்பை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்த தீவிர ரசிகர் அவர். "இதைத்தான் தம்பி நான் மூணு சீசனாக் கத்திக்கிட்டிருக்கேன். விஷயம் தெரிஞ்சவன் பேசினா எவன் கேக்கறான்?"

"அப்ப கோலுக்கு யார் நிக்கறது?" என்று கேட்டார் அத்தையின் கணவர், தன்னை மறந்து.

"யாராவது நிப்பாங்க. அதெல்லாம் கோச் பார்த்துப்பாரு" என்றார் கால்கட்டுக்காரர்.

அத்தை கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மிட்ஃபீல்டே வேண்டாம்ணே" என்று சின்னவன் தொடர்ந்தான். "பாதிப் பேர் இங்க, பாதிப் பேர் அங்க. நடுவுல ஓடி ஓடி எதுக்கு மூச்சு வாங்கணும்?"

"நவீன ஆட்டம்!" என்றார் கால்கட்டுக்காரர்.

நர்ஸ் வந்துவிட்டாள். "இது ஆஸ்பத்திரியா, கேலரியா? அப்பாவை வெச்சுக்கிட்டு இப்படிக் கத்தறீங்களே, வெட்கமா இல்ல? ரெண்டு பேரும் வெளிய போங்க."

"இதோ சிஸ்டர், ஒரே நிமிஷம்" என்றான் பெரியவன். போகவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்துகொண்டான்.

"கேப்டனை வித்த காசுல அந்த நீலச்சட்டை டீமோட கோச்சைக் கூட்டிட்டு வந்துடலாம். எதிரியா இருந்தா என்ன? நம்ம கோச்சுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது."

அப்பாவின் கண் திறந்தது.

"ஆமாண்ணே. அப்படியே நம்ம சட்டையையும் நீலமா மாத்திட்டா நல்லாருக்கும்" என்றான் சின்னவன்.

அப்பாவின் இடது கை எழுந்து கட்டில் கம்பியைத் தட்டியது. ஒரு முறை. இன்னொரு முறை. கோணியிருந்த உதடு துடித்தது. நர்ஸ் பதறிக்கொண்டு நெருங்கினாள். பெரியவன் கையை நீட்டி அவளைத் தடுத்தான்.

"மு… முட்…"

"என்னப்பா?"

"முட்டாப் பயலே!"



பெரியவன் விடவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. "ஏன்ப்பா? கேப்டனை வித்தா என்ன தப்பு?"

"அவன்… போனா… கார்னரை… எவன்டா… தடுப்பான்? உங்… உங்க தாத்தனா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் கணவர், "கரெக்ட் மச்சான்" என்றார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து, பேச வைத்துப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார். அதற்குள் அப்பா கோல்கீப்பர் விவகாரத்துக்கு வந்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையாக, திணறித் திணறி, நிறுத்தாமல்.

நர்ஸின் குரல் இறங்கியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் பெரிய ரசிகர்களோ? இவ்வளவு விஷயம் பேசறீங்க."

சின்னவன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரசிகரா? ஒரு டீமுக்கு எத்தனை பேர்னே போன வாரந்தான் சிஸ்டர் தெரிஞ்சுக்கிட்டோம். அப்பாவுக்குத்தான் இந்த டீம்னா உயிர். யாராவது தப்பாப் பேசினா அவருக்குப் பொறுக்காது. எது சரின்னு தெரிஞ்சாத்தானே தப்பாப் பேச முடியும்? ராத்திரியெல்லாம் ஆட்டம் பார்த்து, படிச்சு, எந்த ரசிகனுமே ஒத்துக்காத யோசனையாப் பார்த்துப் பொறுக்கிக்கிட்டு வந்தோம்."

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.