அங்கிக்கு அளவு

தாய்மைக் காப்பு மன்றத் தலைவர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தையல் கடைக்குள் நுழைந்தார். கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருப்பது அவருடைய மன்றம்தான். அதில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

“என் கோட்டு எங்கப்பா? வழக்கு நாளைக்கு வருது, அவசரம்.”

“இதை முடிச்சுட்டுத் தரேன் சார்.” தையல்காரர் ஒரு கறுப்பு அங்கியைப் பிரித்துக்கொண்டிருந்தார். “புது நீதிபதியோடது. வெளியூர்லேருந்து மாற்றலாகி வந்திருக்காங்க. உங்க கேஸும் அவங்ககிட்டதானாம்.”

தலைவர் காதைத் தீட்டிக்கொண்டார். “ஆளு எப்படி? நம்ம பக்கம் சாய்வாரா?”

“அதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்? வயித்துப் பக்கம் தாராளமா விடச் சொன்னாங்க, அவ்வளவுதான்.”

“தொப்பையா? அப்ப நம்ம ஆளேதான். உட்கார்ந்த இடத்துல சாப்பாடு வர்ற மனுஷன், பொம்பளைங்களைக் கேட்டா முடிவெடுப்பாரு?” தலைவர் அங்கியை வாங்கி விரித்துப் பார்த்தார். “என்னப்பா, கூடாரம் மாதிரி இருக்கு. ரெண்டு இஞ்ச் பிடிச்சுடு.”

தையல்காரர் உள்ளறைத் திரையைப் பார்த்தார். “அவங்களைக் கேட்காம எப்படி சார்?”

“அவரைக் கேட்க என்ன இருக்கு? நான் சொல்றேன், பிடி.”

திரை விலகியது. வாயும் வயிறுமாக வெளியே வந்த நீதிபதி, தலைவர் கையிலிருந்த அங்கியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“வயிறு என்னோடது. அளவை நானே சொல்லிக்கிறேன்.”

தலைவர் தையல்காரர் பக்கம் திரும்பினார்.

“கோட்டுக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா.”