கனோம் க்ரொக்கின் மற்றப் பாதி

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்று லாப்டொப் திரையைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, பாதியைக் கீறிப்போட்டு விட்டிருக்கிறாய்? மற்றப் பாதியை மேலை கவிட்டு மூடித்தானே குடுக்கிறது.”

றூபினி திரும்பினாள்.

திரையில் இருந்தது கனோம் க்ரொக். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் குழிச்சட்டியில் ஊற்றிச் சுடுகிற தாய்லாந்துத் தெருப் பலகாரம். அதற்குக் கண், மூக்கு, வெங்காயத்தாள் குடுமி எல்லாம் வைத்து ஒரு கோபக்காரச் சின்னப் பெண்ணாக வரைந்திருந்தாள்.

பக்கத்தில் இன்னும் ஒன்பது பேர். முதுகெலும்புக்குப் பதில் இறைச்சி கோத்த குச்சியோடு நிமிர்ந்து நிற்கும் சாத்தே மாமா. மாவுத்தாளைக் கூறைச்சேலைபோலச் சுற்றிக்கொண்டு வெட்கப்படும் பிலிப்பைன்ஸ் வாழைப்பழம். தென்கிழக்காசியத் தெருச் சாப்பாட்டுக்கென்று நடக்கும் கண்காட்சிக்குப் பத்துப் பேருமே தெரிவாகியிருந்தார்கள்.

அவளுடைய முதல் கண்காட்சி.

படிவத்தில் ஒரு கேள்விதான் மிச்சம். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ‘இந்த நாடுகளோடு உங்களுக்கு என்ன தொடர்பு?’ பதிலைப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுவார்களாம். தொடர்பு இல்லாதவர்களின் படங்களைக் கண்காட்சியில் வைக்க மாட்டார்களாம். மன்னிக்கவும்.

அந்த மன்னிக்கவும்தான் காலையிலிருந்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்துப் பெட்டைக்கு இங்கே என்ன வேலை என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். பலகாரம் கீறுவதற்கும் விசா வேண்டுமாக்கும்.

இப்போது அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

நோர்பரி வீட்டை விட்டால் பஸ் டிப்போ, அதை விட்டால் ஆர்ச்வே முருகன் கோயில் என்று இருக்கிற மனுசன். பீட்சாவையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். வீட்டின் முதல் பட்டதாரி படம் கீறப் படித்தாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கோயிலில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘கொம்பியூட்டர்’ என்று சொல்லித் திரிகிறவர்.

கேட்டாள். அவர் கதையை மாற்றினார். திரும்பவும் கேட்டாள்.

கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். பாங்கொக்கில் பதினொரு மாதம். இன்றைக்கு, நாளைக்கு என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இழுத்தடித்தபோது அடைந்து கிடந்த மேல்மாடி அறை. கீழே, வாசலில், சட்டி வைத்துச் சுட்ட ஒரு மனுசி.

“நீயும்தான் எங்களோடை இருந்தனி. உனக்குப் பல்லு முளைச்சது அங்கை. கொழுக்கட்டை அவிக்க அடுப்புக்கு எங்கை போறது? அம்மா இதிலை பத்து வாங்கி உன்ரை தலையிலை கொட்டினவ. நீ ஒண்டை எடுத்துக் கடிச்சுப்போட்டு, சூடெண்டு கத்தின கத்திலை தெருவே திரும்பிப் பாத்தது.”

தம்பி அபிஷனுக்கு முதல் பல் முளைத்த சடங்கில் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய படம் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு இல்லை. கேட்டபோதெல்லாம், இடம்பெயர்வில் தவறிப்போச்சு என்றார்கள். இருபத்தைந்து வருடமாக நம்பியிருக்கிறாள்.

விரல்கள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன. பாங்கொக். பதினொரு மாதம். என் முதல் பல். இதைவிட வேறென்ன தொடர்பு வேண்டுமாம் அவர்களுக்கு?

அப்பா குனிந்து ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“இதைச் சுவரிலையோ ஒட்டுவினம்?”

ஓம் என்றாள், தட்டுவதை நிறுத்தாமல்.

பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்துப் பதினாறு வருடமான மனுசன், வேறு யாருமில்லாத குசினியில் குரலைத் தாழ்த்தினார்.

“கொழும்பிலையிருந்து நேரே வந்தது எண்டுதானம்மா அகதிக் கேஸிலை குடுத்தது. இடையிலை நிண்டதெண்டால் அங்கையே இரு எண்டிருப்பாங்கள்.”

நாலு ஐம்பத்தாறு.

றூபினி எழுதியதெல்லாவற்றையும் அழித்தாள். பெட்டிக்குள் ‘ஒரு தொடர்பும் இல்லை’ என்று எழுதினாள்.

அவள் அதை அனுப்பி முடிக்கும் வரைக்கும் அப்பா கதிரையில் உட்காரவில்லை.