இடது வரிசைச் செடிகள்

"சார், ஒரு விஷயம்..." என்று மூன்றாவது முறையாக ஆரம்பித்தாள், ஆராய்ச்சிச் செடிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர்.

"நீ வாயைத் திறக்காதே!" என்று எரிந்து விழுந்தார் பேராசிரியர். "ஒரு மாசம் வெளியூர் போயிட்டு முந்தாநாள் வந்து பார்த்தா, இடது வரிசைத் தக்காளி வலது வரிசையைவிட ஒரு சாண் உசரம்! வளர்த்தியை அடக்குற ஜீனை வெட்டின விதைன்னா சும்மாவா? இதைக்கூட போன்ல சொல்லத் துப்பில்லை உனக்கு!"

விதை போட்டதும் அவள், தினமும் அளந்து எழுதியதும் அவள். போன் செய்தபோதெல்லாம் "மீட்டிங்" என்று துண்டித்தவர் இவர். துப்பில்லையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதைத்தான் சார்..."

"ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரையை நேத்தே அனுப்பியாச்சு. உன் பேரை அடிச்சுட்டேன். நிருபர் வர்றார், ஓரமா நில்லு."

நிருபர் வந்தார். பேராசிரியரை இடது வரிசை நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்றார்.

"சொல்றேங்க. ஜீனை வெட்டின விதை இன்னும் ஃப்ரிட்ஜைவிட்டு வெளியே வரலை. அதுக்கான லேபிளை மட்டும் இடது வரிசையில முன்கூட்டியே ஒட்டி வெச்சேன். ரெண்டு பக்கமும் வெளிச்சம் சமமா விழுதான்னு பார்க்கத்தான் முதல்ல ரெண்டு வரிசையிலும் ஒரே சாதா விதையைப் போட்டேன். இடது பக்கம் நிழல். வெளிச்சத்தைத் தேடித் தேடி அதுங்க நெட்டையா வளர்ந்திருக்கு."

பேராசிரியர் மெல்ல இடது வரிசையைவிட்டு வெளியே வந்தார்.

"அந்தக் கட்டுரையில என் பேரை அடிச்சீங்களே சார்," என்றாள் அவள், "அதுக்கு ரொம்ப நன்றி."