இடக்கை மவுஸ்

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல், மெயில் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றக் கடைக்காரருக்கு அரை நாள் பிடித்தது. "சாரோட செட்டிங் எதையும் ஏத்தலைம்மா, உங்களோடது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் கணவர் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை ப்ரூஃப் பார்க்க உட்கார்ந்தவள் மவுஸை அமுக்கினாள். தப்பான மெனு திறந்தது. இடது, வலது பட்டன்களின் வேலை மாறியிருந்தது. மவுஸும் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்தது. கணவர் இடக்கைக்காரர். அவர் மாற்றுவதும் இவள் திட்டிக்கொண்டே திருப்பி வைப்பதுமாகப் பன்னிரண்டு வருஷம் அந்த மேஜையில் குப்பை கொட்டியிருந்தார்கள்.

மூன்று நாள் திருத்தினாள். விடிந்தால் அதே கதை. நாலாம் நாள் அலுத்துப்போனதில் வாய் முந்திக்கொண்டது: "ஏங்க, வேலை முடிஞ்சா மாத்தி வைக்க மாட்டீங்களா? எத்தனை தடவைதான் சொல்றது!"

அடுத்த நாள் மவுஸ் வலப்பக்கம் இருந்தது. பட்டன்களும் சரியாக இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியேதான். ஒரு வாரம் அப்படியே போனது.

அன்று வேலை முடிந்ததும் பட்டன்களை அவளே மாற்றினாள். மவுஸை இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள். எழுந்தவள், நாற்காலியை உள்ளே தள்ளாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.